கடல் தாண்டினால் கைகொடுக்குமா வங்கி அட்டை?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளின் வரவேற்பறை முழுவதும் பெட்டிகள்தான். ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்குக் கோடாலித் தைலம், அத்தை பிள்ளைகளுக்குச் சாக்லேட், அம்மாவின் மருந்து, கடப்பிதழ், விசா நகல் என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறோம். பெட்டியை எடைபோட்டு அரைக் கிலோ கூடினால்கூடத் திறந்து அடுக்குகிறோம். ஆனால், அந்தப் பயணம் முழுவதற்கும் பணம் தரப்போகும் வங்கி அட்டையை மட்டும் யாரும் சரிபார்ப்பதில்லை. "அதான் பணப்பையில் இருக்கிறதே" என்று விட்டுவிடுகிறோம்.

வானொலியில் பயணம் பற்றிப் பேசும்போதெல்லாம் நேயர்கள் அதிகம் கேட்பது விமானச் சீட்டு எங்கே மலிவு, எந்த ஊரில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதுதான். நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் அழைப்புகள் வேறு வகை. "கடையில் எல்லார் முன்னாலும் கார்டு வேலை செய்யலைங்க" என்று தயங்கித் தயங்கிச் சொல்வார்கள்.

அப்படி அழைத்த ஒரு பெண் நேயரின் அனுபவம் மறக்க முடியாதது. அவர் அம்மாவை அழைத்துக்கொண்டு திருச்சிப் பக்கம் போயிருந்தார். குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். தனியார் மருத்துவமனையில் சேர்க்கும்போது முன்பணம் கேட்டார்கள். இவர் அட்டையை நீட்டினார். முதல் முறை நிராகரிப்பு. இரண்டாம் முறையும் அதே கதை. கணக்கில் பணம் இருந்தது. பெரிய தொகை, புதிய ஊர், இரவு நேரம் என்பதால் வங்கியின் கணினி சந்தேகப்பட்டு, "இது நீங்கள்தானா?" என்று கேட்டு அவருடைய சிங்கப்பூர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது. அந்த எண்ணின் சிம் அட்டையோ அத்தை வீட்டில், ஒரு சின்ன உறையில் பத்திரமாக இருந்தது. கைப்பேசியில் அப்போது ஓடியது உள்ளூர் சிம். கடைசியில் சித்தப்பா மகன் தன் கைப்பேசியிலிருந்து பணம் கட்டினார். அம்மாவுக்குச் சிகிச்சை தொடங்கியது. "சித்தப்பா மகன் அன்று ஊரில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குது" என்றார் அவர்.

நகைக்கடையில் அட்டை மறுக்கப்பட்டால் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். மருத்துவமனை முகப்பில், நள்ளிரவு ஹோட்டல் வாசலில், ஆளில்லாத ரயில் நிலையத்தில் மறுக்கப்பட்டால் அது வேறு கதை. இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றைப் புறப்படும் முன்பே, வீட்டில் உட்கார்ந்தபடி அரை மணி நேரத்தில் தீர்த்துவிடலாம்.

முதல் பூட்டு: வெளிநாட்டுப் பயன்பாடு

சிங்கப்பூர் வங்கிகள் தரும் அட்டைகளில், பின்பக்கக் கறுப்புக் காந்தப் பட்டையை வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதி 2012ஆம் ஆண்டு அக்டோபர் முதல் முடக்கப்பட்டே வருகிறது. காந்தப் பட்டையிலுள்ள விவரங்களைத் திருடிப் போலி அட்டை செய்வது எளிது என்பதே காரணம். நமக்கு வேண்டுமானால் நாமே அதைத் திறந்துகொள்ள வேண்டும். இப்போது பல வங்கிகளின் செயலியில் கடையில் செலுத்துவதற்கு ஒன்று, வெளிநாட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பதற்கு ஒன்று, இணையத்தில் வாங்குவதற்கு ஒன்று எனத் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்றைத் திறந்தால் மற்றவையும் திறந்துவிட்டதாகப் பொருளல்ல.

எனவே செயலியைத் திறந்து ஒவ்வொரு அட்டைக்கும் இவற்றைப் பாருங்கள். வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா? எந்தத் தேதி வரை? திரும்பும் நாள் தள்ளிப்போகலாம் என்பதால் இரண்டு மூன்று நாள் கூடுதலாக வைப்பது நல்லது. ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு செலவிடலாம் என்ற வரம்பு என்ன? அட்டை எந்த மாதம் காலாவதியாகிறது? புதிய அட்டை தபாலில் வந்து, அதை இன்னும் முடுக்காமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறீர்களா?

அட்டையின் முகப்பையும் ஒருமுறை பாருங்கள். விசா, மாஸ்டர்கார்டு, யூனியன்பே போன்ற அனைத்துலகச் சின்னம் எதுவும் இல்லாமல் நெட்ஸ் சின்னம் மட்டும் இருக்கும் பழைய ஏடிஎம் அட்டையை நம்பி விமானம் ஏறாதீர்கள். பெற்றோரின் பணப்பையில் இன்னும் அது இருக்க வாய்ப்புண்டு. வெளிநாட்டு ஏடிஎம்மில் பிளஸ் சின்னம் இருந்தால் விசா அட்டைக்கும், சிரஸ் சின்னம் இருந்தால் மாஸ்டர்கார்டு அட்டைக்கும் அது இடம் கொடுக்கும் என்று பொருள்.

பூட்டிய பணம் ஊரில், நாம் வெளியூரில்

மோசடிகள் பெருகியதால், 2023ஆம் ஆண்டின் இறுதியில் இங்குள்ள வங்கிகள் சேமிப்பில் ஒரு பகுதியைப் பூட்டிவைக்கும் வசதியைக் கொண்டுவந்தன. பூட்டிய பணத்தை இணையம் வழியாக யாராலும் எடுக்க முடியாது. அருமையான பாதுகாப்பு அது. ஆனால், அந்தப் பூட்டைத் திறக்க வங்கிக் கிளைக்கோ அந்த வங்கியின் ஏடிஎம்முக்கோ நேரில் செல்ல வேண்டியிருக்கும். மோசடிக்காரன் கையில் நம் கைப்பேசி சிக்கினாலும் பணம் போகக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. கிளை பூன் லேயில் இருக்க, நாம் மதுரையில் இருந்தால் அந்தப் பணம் நமக்கும் எட்டாது.

பூட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. பயணச் செலவும் அவசரச் செலவும் போக மீதியைப் பூட்டுங்கள். குறிப்பாக வீட்டில் பெரியவர்களின் பணத்தைப் பிள்ளைகள் பூட்டிவைத்திருந்தால், அவர்கள் ஊருக்குப் புறப்படும் முன் எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பேசிதான் இப்போது சாவி

முன்பெல்லாம் பணப்பை தொலைந்தால்தான் பயம். இன்று கைப்பேசி தொலைந்தால், பணப்பை கையில் இருந்தும் சில வேளைகளில் பயனில்லை. இணையத்தில் ரயில் சீட்டு வாங்க, வரம்பை உயர்த்த, சந்தேகத்தில் நிறுத்தப்பட்ட பரிவர்த்தனையை உறுதிசெய்ய, எல்லாவற்றுக்கும் வங்கி நம் கைப்பேசியையே கேட்கிறது.

வெளிநாட்டில் உள்ளூர் சிம் வாங்கிப் போடுவது நம் பழக்கம். மலிவும்கூட. ஆனால், சிங்கப்பூர் சிம்மைக் கழற்றி வைத்தால் வங்கியின் குறுஞ்செய்தியும் கழன்றுபோகும். இரண்டு சிம் ஏற்கும் கைப்பேசியாக இருந்தால் சிங்கப்பூர் எண்ணை அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் விட்டுவைத்து, அதன் இணையத் தரவை மட்டும் அணைத்துவிடலாம். தரவுக்கு உள்ளூர் சிம் அல்லது இசிம் போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறக் கட்டணம் உண்டா என்பதைப் புறப்படும் முன் உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பயணத்துக்காகப் புதுக் கைப்பேசி வாங்குவோர் பலர். நல்ல படம் எடுக்க வேண்டுமே! புதிய கருவியில் வங்கியின் மின்னிலக்க அடையாள வில்லையைப் பதிவுசெய்தால், அது செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் சிங்கப்பூர் வங்கிகள் சங்கமும் அறிவித்த பாதுகாப்பு நடவடிக்கைகளில் இதுவும் ஒன்று. சாங்கியில் வரியில்லாக் கடையில் கைப்பேசி வாங்கி, விமானத்தில் ஏறியபின் செயலியை மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டமிட்டால், தரையிறங்கும்போது வங்கி உங்களை அடையாளம் தெரியாதவராகவே நடத்தும். ஒரு வாரத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும்போது "உங்கள் அட்டை முடக்கப்பட்டது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் பதற்றத்தில் அழுத்திவிடத் தோன்றும். அதே 2022 நடவடிக்கைகளின்படி, வங்கிகள் தனிப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் அழுத்தும் இணைப்புகளைச் சேர்ப்பதில்லை. இணைப்பு இருந்தால் அது வங்கி அனுப்பியதல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

"சிங்கப்பூர் வெள்ளியா, உள்ளூர் நாணயமா?"

பேங்காக்கிலோ பாரிசிலோ கடையில் அட்டையை நீட்டினால், கருவியின் திரையில் ஒரு கேள்வி வரும். சிங்கப்பூர் வெள்ளியில் செலுத்துகிறீர்களா, உள்ளூர் நாணயத்தில் செலுத்துகிறீர்களா? நமக்குத் தெரிந்த நாணயத்தில் தொகையைப் பார்த்தவுடன் நிம்மதி. உடனே வெள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம். கடைக்காரரும் சில வேளைகளில் நம்மைக் கேட்காமலே அதை அழுத்திவிடுகிறார்.

அந்த நிம்மதிக்கு விலை உண்டு. வெள்ளியைத் தேர்ந்தெடுத்தால் நாணய மாற்று விகிதத்தை முடிவுசெய்வது நம் வங்கியோ விசா, மாஸ்டர்கார்டு கட்டமைப்போ அல்ல. கடையின் பக்கம் உள்ள சேவை நிறுவனம். அது தன் லாபத்தை விகிதத்தில் சேர்த்துவிடும். அதற்கு மேல் இங்குள்ள பல வங்கிகள் 1 விழுக்காடு கட்டணமும் சேர்க்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. சந்தை விகிதப்படி சரியாக 100 வெள்ளி வரும் ஒரு ரசீது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் நாணயத்தில் செலுத்தினால், வங்கியின் வெளிநாட்டுக் கட்டணம் 3.25 விழுக்காடாக இருக்குமானால் 103 வெள்ளி 25 காசு. வெள்ளியில் செலுத்தும்போது, சேவை நிறுவனம் விகிதத்தில் 5 விழுக்காடு சேர்த்தால் 105 வெள்ளி; அதன்மேல் வங்கியின் 1 விழுக்காடும் சேர்ந்தால் 106 வெள்ளி 5 காசு. ஒரு ரசீதில் மூன்று வெள்ளி பெரிதில்லை. ஹோட்டல், சாப்பாடு, துணிமணி என்று 4,000 வெள்ளி செலவாகும் குடும்பப் பயணத்தில் அது நூறு வெள்ளியைத் தாண்டும்.

ஏடிஎம்மிலும் இதே கேள்வி, கொஞ்சம் குழப்பமான சொற்களில் வரும். "மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?" என்று கேட்கும். மறுத்தால் பணமே வராதோ என்று பலரும் பயந்து ஏற்றுக்கொள்கிறார்கள். மறுத்தாலும் பணம் வரும். நம் வங்கியின் விகிதத்தில் வரும், அவ்வளவுதான். எங்கு போனாலும் உள்ளூர் நாணயம் என்ற இரண்டு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கட்டணத்தைக் குறைக்க யூடிரிப், வைஸ், ரெவலூட் போன்ற பல நாணய அட்டைகளை இளையர்கள் விரும்புகிறார்கள். செலவைக் கட்டுப்படுத்த நல்ல வழி. இரண்டு விஷயங்களை மட்டும் மனத்தில் வையுங்கள். இத்தகைய மின்பணப்பையில் ஒரே நேரத்தில் 20,000 வெள்ளி வரைதான் வைத்திருக்கலாம். வங்கி வைப்புத்தொகைக்கு இருக்கும் 100,000 வெள்ளிக் காப்புறுதி மின்பணப்பைக்குப் பொருந்தாது. பயணத்துக்குத் தேவையானதை மட்டும் போட்டு எடுத்துச்செல்லுங்கள். அதோடு ஒரு வங்கி அட்டையும் உடன் இருக்கட்டும்.

எந்த அட்டையை எங்கே நீட்டுவது?

ஹோட்டலில் அறை எடுக்கும்போது முன்பிணையாக ஒரு தொகையை அட்டையில் பிடித்துவைப்பார்கள். கடன்பற்று அட்டை என்றால் கடன் வரம்பில் கொஞ்சம் குறையும். நம் பணம் நம்மிடமே இருக்கும். டெபிட் அட்டை என்றால் சேமிப்புக் கணக்கில் உள்ள பணமே முடங்கும். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாள், சில வேளை சில வாரங்கள்கூட ஆகலாம். மூன்று ஊரில் மூன்று ஹோட்டல் என்றால், மூன்று பிணையும் ஒரே நேரத்தில் பிடிபட்டு, நான்காவது ஊரில் சாப்பாட்டுக்குப் பணம் இல்லாமல் போகலாம்.

இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். ஜோகூரில் பெட்ரோல் பம்பிலேயே அட்டையைப் போட்டால் 200 ரிங்கிட் பிடித்துவைக்கப்படும். 80 ரிங்கிட்டுக்கு எண்ணெய் ஊற்றினாலும் மீதி 120 ரிங்கிட் உடனே திரும்பாது. உள்ளே முகப்பில் போய், வேண்டிய தொகையைச் சொல்லிக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே ஒரு எளிய விதி. பிணை கேட்கும் இடத்தில் கடன்பற்று அட்டை. ஏடிஎம்மில் டெபிட் அட்டை. கடன்பற்று அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தால் தனிக் கட்டணம் ஒருபுறம், எடுத்த நாளிலிருந்தே ஓடும் வட்டி மறுபுறம். வேறு வழியே இல்லாத அவசரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை கார் எடுப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. பல நாடுகளில் கார் ஓட்டுபவரின் பெயரிலேயே கடன்பற்று அட்டை இருக்க வேண்டும் என்பார்கள். கணவர் பெயரில் அட்டை, ஓட்டுநர் மனைவி என்றால் முகப்பில் நின்று வாதாட வேண்டியிருக்கும். அதேபோல, மகன் தன் அட்டையில் பெற்றோருக்கு ஹோட்டல் அறை எடுத்துக் கொடுத்தால், பணம் கட்டிய அட்டையைக் காட்டச் சொல்லிச் சில ஹோட்டல்கள் கேட்கும். முன்பே ஹோட்டலுக்கு எழுதித் தெரிவித்துவிட்டால் அம்மாவும் அப்பாவும் நீண்ட பயணத்துக்குப் பிறகு முகப்பில் காத்து நிற்க வேண்டாம்.

ஐரோப்பாவில் ஆளில்லாத ரயில் சீட்டு இயந்திரங்களும் பெட்ரோல் பம்புகளும் ரகசிய எண் கேட்பது வழக்கம். இங்கே கடன்பற்று அட்டையைத் தட்டியும் கையெழுத்திட்டும் பழகிய நமக்கு அந்த எண்ணே தெரியாது. புறப்படும் முன் வங்கியிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை தவறாக அழுத்தினால் அட்டை முடங்கிவிடும். இரண்டு முறை தவறினால் மூன்றாவது முறை முயலாமல் நிறுத்திவிடுவதே நல்லது.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பழக்கம்

இந்தியாவில் இன்று இளநீர்க் கடை முதல் பூக்காரம்மா கூடை வரை கியூஆர் குறியீடு தொங்குகிறது. அதைப் பார்த்து "அப்போ ரொக்கம் வேண்டாம்" என்று முடிவுசெய்யாதீர்கள். அது யூபிஐ குறியீடு. நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டையால் அதை நேரடியாக வருட முடியாது. அங்கே என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர்க் கைப்பேசி எண்ணைக் கொண்டே யூபிஐயில் இணைய 2023 முதல் அனுமதி உண்டு. மற்றவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2023 பிப்ரவரி 21ஆம் தேதி பேநவ்வும் யூபிஐயும் இணைக்கப்பட்டன. சேவையில் பங்கேற்கும் வங்கியில் கணக்கு இருந்தால், இங்கிருந்தோ அங்கிருந்தபடியோ உறவினரின் யூபிஐ முகவரிக்குப் பணம் அனுப்பலாம். தொடங்கியபோது ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி வரை என்று வரம்பு வைத்தார்கள். உங்கள் வங்கி பங்கேற்கிறதா என்பதைப் பார்த்து, நம்பிக்கையான ஓர் உறவினருக்கு ஒரு சிறு தொகையை அனுப்பிச் சோதித்துவிட்டால், அவசரத்தில் அதுவே ஒரு மாற்று வழி.

வீட்டு அலமாரியில் பழைய இந்திய நோட்டுகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு அறிவிக்கப்பட்டபடி பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை. 2,000 ரூபாய் நோட்டு 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. கடைகளில் வாங்க மாட்டார்கள். அந்த நோட்டை நம்பி ஆட்டோவில் ஏறினால் வீண் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

ஜப்பானில் தொழில்நுட்பம் உச்சத்தில் இருந்தாலும் சின்ன ராமென் கடைகளும் கோயில்களும் இன்றும் ரொக்கத்தை விரும்புகின்றன. அங்கே செவன் லெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்களும் அஞ்சலக ஏடிஎம்களும் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் வாங்குகிறது. ஆயிரம் ஆயிரமாக ஐந்து முறை எடுப்பதைவிட ஒரே முறையில் எடுப்பது மேல்.

சீனாவில் கடைக்காரர் அட்டைக் கருவியையே வைத்திருக்காமல் இருக்கலாம். அலிபே, வீசாட் பே செயலிகளில் வெளிநாட்டு அட்டையை இணைத்துக்கொள்ளலாம். 200 யுவான் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 3 விழுக்காடு. கடப்பிதழ் விவரங்களைப் பதிவுசெய்யும் வேலையைச் சிங்கப்பூரிலேயே முடித்துவிடுவது நல்லது.

லண்டனில் பாதாள ரயிலுக்குத் தனிச் சீட்டு வேண்டாம், அட்டையைத் தட்டினால் போதும். நம்மூர் சிம்பிளிகோ போலத்தான். ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒரே அட்டையைக் குடும்பத்தில் நால்வரும் தட்ட முடியாது. ஏறும்போது அட்டை, இறங்கும்போது அதே அட்டை உள்ள கைப்பேசி என்று மாற்றித் தட்டினாலும் இரண்டும் வெவ்வேறாகவே கணக்கிடப்படும். கூடுதல் கட்டணம் விழும்.

அஞ்சறைப் பெட்டி உத்தி

நம் பாட்டிமார்கள் வீட்டுப் பணத்தை ஒரே இடத்தில் வைத்ததில்லை. கொஞ்சம் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில், கொஞ்சம் அரிசிப் பானையில், கொஞ்சம் முந்தானை முடிச்சில். வங்கி வந்த பிறகு அந்தப் பழக்கத்தைப் பார்த்துச் சிரித்தோம். பயணத்துக்கு அதைவிடச் சிறந்த உத்தி இன்னும் வரவில்லை.

குறைந்தது இரண்டு வங்கிகள், இரண்டு கட்டமைப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விசா என்றால் மற்றொன்று மாஸ்டர்கார்டு. ஒரு வங்கியின் கணினி பராமரிப்பில் இருந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஒரு அட்டை கணவரிடம், ஒன்று மனைவியிடம், ஒன்று ஹோட்டல் அறைப் பெட்டகத்தில். கடன்பற்று அட்டையும் அதன் துணை அட்டையும் ஒரே வரம்பைப் பகிர்ந்துகொள்பவை என்பதால் அவற்றை இரண்டாக எண்ணாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பாட்டுக்கும் வாடகை வண்டிக்கும் போதுமான ரொக்கம் தனியே இருக்கட்டும்.

வங்கியின் வெளிநாட்டு அழைப்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அட்டையின் பின்னால்தான் எண் இருக்கிறது என்பீர்கள். அட்டை தொலைந்த பிறகு அந்த எண்ணை எங்கே தேடுவது? பெரியவர்கள் ரகசிய எண்ணை அட்டை உறையிலேயே எழுதி வைத்திருந்தால், பயணத்துக்கு முன் அந்தத் தாளை எடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கீழே உள்ள ஏடிஎம்முக்கு ஒருநாள் அழைத்துப்போய், அவர்களையே அழுத்தவிட்டுப் பழக்கிவிடுங்கள்.

இயந்திரம் மறுத்தால்...

முதலில் பதறாதீர்கள். தட்டியது வேலை செய்யவில்லை என்றால் அட்டையைச் செருகிப் பாருங்கள். கடையில் வேறு கருவி இருந்தால் அதில் முயலுங்கள். இணைப்புக் கோளாறாகவும் இருக்கலாம். ஏடிஎம்மில் கணக்கு வகை கேட்டால் டெபிட் அட்டைக்குச் சேமிப்புக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். அது மறுத்தால் நடப்புக் கணக்கை முயலுங்கள். பிறகு செயலியையும் குறுஞ்செய்தியையும் பாருங்கள். வங்கி கேள்வி கேட்டிருக்கலாம். பதில் சொன்னால் அடுத்த முறை அட்டை வேலை செய்யும். அதுவும் இல்லையென்றால் இரண்டாவது அட்டை. ஒரே அட்டையை ஐந்தாறு முறை தேய்த்தால் வங்கியின் சந்தேகம்தான் கூடும்.

ஏடிஎம்மில் பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது என்றால் ரசீதை எறியாதீர்கள். ரசீது வரவில்லை என்றால் இயந்திரத்தின் எண், இடம், நேரம் ஆகியவற்றைப் படம் எடுத்து உங்கள் வங்கியிடம் அன்றே புகார் செய்யுங்கள். கூடியவரை வங்கிக் கிளையோடு சேர்ந்த ஏடிஎம்மை, கிளை திறந்திருக்கும் நேரத்தில் பயன்படுத்துங்கள். அட்டை சிக்கிக்கொண்டால் உள்ளே போய்ச் சொல்ல ஆள் இருப்பார். சில நாடுகளில் பணம் முதலில் வரும், அட்டை பிறகு வரும். பணத்தை எண்ணிக்கொண்டே நகர்ந்துவிடாதீர்கள்.

அட்டை தொலைந்தால் முதல் வேலை செயலியில் அதை முடக்குவது, இரண்டாவது வேலை வங்கிக்கு அழைப்பது, மூன்றாவது காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலைப் பெறுவது. சிங்கப்பூரில் வழங்கப்பட்ட கடன்பற்று அட்டை தொலைந்து, பெரும் கவனக்குறைவு இல்லாமல், உடனே வங்கிக்குத் தெரிவித்திருந்தால், அதற்கு முன் நடந்த மோசடிச் செலவில் நம் பொறுப்பு 100 வெள்ளியைத் தாண்டாது. இதில் "உடனே" என்ற சொல்தான் முக்கியம். "தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்" என்று ஒரு நாள் கடத்தினால் அந்தப் பாதுகாப்பு கைநழுவக்கூடும். முடக்கிய அட்டை பிறகு பெட்டிக்குள் கிடைத்தால் யாரும் நம்மைத் திட்டப்போவதில்லை.

புறப்படும் வாரம் ஒரு அரை மணி நேரம்

குடும்பத்தோடு உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள்:

• எல்லாருடைய அட்டைகளையும் மேசையில் வையுங்கள். காலாவதி மாதம், அனைத்துலகச் சின்னம், ரகசிய எண் ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

• ஒவ்வொரு செயலியிலும் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பைப் பயணத்துக்கு ஏற்ப அமையுங்கள்.

• பூட்டிய பணம் போக, அவசரத்துக்கு எவ்வளவு கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

• சிங்கப்பூர் எண்ணுக்கு வெளிநாட்டில் குறுஞ்செய்தி வருமா என்பதை உறுதிசெய்யுங்கள்.

• எந்த அட்டை யாரிடம் என்று பிரித்து, வங்கி எண்களைத் தாளில் எழுதுங்கள்.

• ஊருக்குப் போய் இறங்கியதும், விமான நிலையத்திலேயே ஒரு காப்பி வாங்கி அட்டையைச் சோதியுங்கள். அங்கே இலவச இணையம் இருக்கும். சிக்கல் என்றால் அங்கேயே சரிசெய்துகொள்ளலாம்.

• திரும்பி வந்ததும் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள். அடுத்த இரண்டு மாதக் கணக்கறிக்கையை வரிவரியாகப் பாருங்கள். ஹோட்டல் பிணை விடுபட்டதா, தெரியாத கழிவு ஏதும் உண்டா என்பது அப்போதுதான் தெரியும்.

இந்த வேலையை வீட்டிலுள்ள உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையிடமே ஒப்படைத்துப் பாருங்கள். செயலிகளில் நம்மைவிட வேகம் அவர்களுக்கு. தாத்தாவின் அட்டைக்கு வரம்பு என்ன, அப்பாவின் அட்டை எப்போது காலாவதியாகிறது என்று அவர்கள் பட்டியல் போடும்போது, குடும்பத்தின் பணம் எங்கிருந்து வருகிறது, எப்படிச் செலவாகிறது என்பதையும் கற்றுக்கொள்கிறார்கள். நாளை அவர்கள் தனியாக விமானம் ஏறும்போது, அந்தப் பட்டியலை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்காது.